ராயகிரி டு கொழும்பு: ஆச்சியின் டிரங்குப் பெட்டியும் ஒரு பங்குனிப் பயணத் திட்டமும்!

ஆபீஸில் எல்லோரும் 'ஸ்பிரிங் டிரிப்' பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு பாலி, இன்னொருவருக்கு தாய்லாந்து. நானும் என் பங்குக்கு மொபைலைத் திறந்து இலங்கையின் தெற்குக் கடற்கரைப் படங்களாகத் தேடித் தேடி சேமித்து வைத்தேன். மிரிஸ்ஸ, உனவட்டுன, காலிக் கோட்டை, எல்லவில் ரயில் போகும் அந்த ஒன்பது வளைவுப் பாலம். பக்கத்து நாடு, செலவு குறைவு, வெயில் உண்டு, கடல் உண்டு. வேறென்ன வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். எங்கள் ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை எப்போதும் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கும் ஊர். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "என்னட்டி பாக்குதிய?" என்று எட்டிப் பார்த்தார். தேயிலை மலை நடுவே ரயில் போகும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கொழும்புல்லா?" என்றார்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இலங்கை முழுவதுமே 'கொழும்பு'தான். இன்னும் மூத்தவர்கள் 'கண்டிச் சீமை' என்பார்கள். ஆச்சி அங்கே பிறந்தவர். 1972-ல் தாத்தாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு முடித்து, தாத்தாவின் சொந்த ஊரான ராயகிரிக்கு வந்தவர். அப்போது அவருக்கு வயது 21. அதன் பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை. அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார்.

"நீ போறியா?" என்று கேட்டார் ஆச்சி. "ஆமா ஆச்சி, மார்ச்ல."

"என்னையும் கூட்டிட்டுப் போயேன்."

அன்றைக்கு என் பட்டியலிலிருந்து மிரிஸ்ஸ போனது. தலவாக்கலை வந்தது. ஆச்சி, அம்மா, நான் என்று மூன்று பேர் கிளம்பும் ஒரு பயணத்துக்காக இந்த ஒரு மாதமாக நான் திரட்டிய தகவல்கள்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்கக்கூடும் என்பதால், பட்ட பாடுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எப்போது போகலாம்?

நம் குற்றாலத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால்தான் அங்கே சாரலும் சீசனும். பங்குனியில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதே தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளையும் மலையகத்தையும் நனைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை தருகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் மார்ச், ஏப்ரல்தான் பயணத்துக்கு வசதியான இடைவெளி. ஏப்ரல் நெருங்க நெருங்க மலையகத்தில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை பெய்வது வழக்கம். அதனால் வெளியே சுற்றும் வேலைகளை காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

'பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து மே மாதம்தான் கிளம்ப முடியும்' என்பவர்கள் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். மே மாதத்துக்குப் பிறகு திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று வடக்கும் கிழக்கும்தான் வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும்.

எங்களுக்கு ஏப்ரல் சரிப்படவில்லை. காரணம் மூன்று.

முதலாவது, பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. இந்த வருடம் ஏப்ரல் 1-ம் தேதி வருகிறது. "சாஸ்தாவை விட்டுட்டு எந்தச் சீமைக்கும் வர மாட்டேன்" என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

இரண்டாவது, சித்திரைப் புத்தாண்டு. இலங்கையில் ஏப்ரல் 13, 14 தேதிகள் சிங்களவர்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான புத்தாண்டு விடுமுறை. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். பஸ், ரயில் நிரம்பி வழியும். கொழும்பில் பல கடைகள் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும். நுவரெலியாவில் நிலைமை தலைகீழ். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஏப்ரல் சீசன் களைகட்டும். நம் ஊட்டி கோடை விழா மாதிரி. கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போகலாம், ஆனால் அறை வாடகை எகிறிவிடும்.

மூன்றாவது காரணம் என் வேலை. சட்டமன்றத் தேர்தல் வருடத்தில், ஏப்ரல் மாதத்தில், டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்துகொண்டு லீவு கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும்.

ஆகவே மார்ச் மூன்றாவது வாரம் என்று முடிவானது.

பாஸ்போர்ட்: டிரங்குப் பெட்டி திறந்த கதை

எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. இலங்கைக்குப் போக, அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதை மட்டும் சரிபார்த்தேன். சிக்கல் ஆச்சிக்குத்தான். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். 60 வயதைத் தாண்டியவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் அதில் 10 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. அதெல்லாம் சுலபமாக முடிந்தது. ஆன்லைனில் 'பிறந்த இடம்' என்ற கட்டம் வந்தபோதுதான் கை நின்றது.

ஆதார் அட்டையை மட்டும் நம்பி முதல் நாள் போனோம். பிறந்த இடம் இலங்கை என்றதும், "இந்தியக் குடியுரிமைக்கு என்ன சான்று வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வி ஆச்சியை ரொம்பவே சங்கடப்படுத்திவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. புளியங்குடி தாண்டும்போது, "அங்க இருந்தப்ப இந்தியாக்காரின்னாவ. இங்க வந்தா சிலோன்காரின்னாவ. இப்பவும் அதத்தான் கேக்குதாவ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதற்குள் தாத்தாவின் வேட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இருவரின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டதற்கான சான்று, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. மடிப்பு மடிப்பாக ஒடிந்து போயிருந்த அந்தக் காகிதங்களைத் தாத்தா ஐம்பது வருடத்துக்கு மேல் தொடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அவற்றைக் கொண்டுபோன இரண்டாவது முறை வேலை முடிந்தது. போலீஸ் விசாரணை, தபால் எல்லாம் கடந்து ஆச்சி கையில் நீலப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: உங்கள் வீட்டில் தாயகம் திரும்பிய பெரியவர்கள் இருந்தால், முதலில் இந்தக் காகிதங்களைத் தேடி எடுங்கள். ஸ்கேன் செய்து பிள்ளைகள் எல்லோருடைய மொபைலிலும் ஒரு பிரதி வையுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பழைய ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், விமான டிக்கெட் போடும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அந்தக் காகிதங்களுக்குப் பின்னால்...

பள்ளியில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்த விஷயம், வீட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் வேறு மாதிரி தெரிந்தது. கொஞ்சம் படித்தேன்.

பிரிட்டிஷார் காலத்தில், முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் என்று பல பக்கத்து மக்கள் கங்காணிகள் பின்னால் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200-வது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023-ல் மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதியைப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மீதி 1,50,000 பேரையும் 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

எண்களைப் பிரித்தபோது குடும்பங்களும் பிரிந்தன. ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் இந்தியா. அக்காவுக்கும் அவர் கணவருக்கும் இலங்கை. தலைமன்னாருக்குப் போகும் ரயில் கிளம்பியபோது ஸ்டேஷனே ஒப்பாரி வைத்தது என்பார் ஆச்சி. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு நின்றுபோனது.

வழி எது?

"கப்பல்லதான வந்தேன். கப்பல்லயே போவோம்" என்றார் ஆச்சி. அவர் வந்த ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் உள்நாட்டுப் போர் தொடங்கிய காலத்தில் நின்றது. இன்று வரை அந்த வழியில் பயணிகள் கப்பல் இல்லை. அதற்கும் முன்னால் 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து கப்பல் போனது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால், தனுஷ்கோடியில் கப்பல் மாறி, மறுபடி தலைமன்னாரில் ரயில் பிடித்துக் கொழும்பு போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது.

இப்போது இருப்பது நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல். 2023 அக்டோபர் 14-ம் தேதி தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். கடல் நிலை சரியில்லாவிட்டால் ரத்தாகும் என்பதால், திரும்பும் தேதியில் ஒன்றிரண்டு நாள் தாராளம் வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம், நல்லூர், நயினாதீவு பார்க்க விரும்புபவர்களுக்கு அருமையான வழி. எங்களுக்கோ, காங்கேசன்துறையில் இறங்கினால் மலையகம் போக இன்னும் ஒரு முழு நாள் தரை வழியில் போக வேண்டும். ஆச்சியின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

விமானம் என்றால் தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று மதுரை, இன்னொன்று திருவனந்தபுரம். இரண்டிலிருந்தும் கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. செங்கோட்டை, தென்காசிக்காரர்கள் ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் போகலாம். மலைப்பாதை, வளைவு அதிகம். எங்களுக்கு ராஜபாளையம் வழியாக மதுரைதான் சுலபம். காரில் இரண்டரை மணி நேரம். மதுரையில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்க விமான நிலையம். கணக்குப் பார்த்தால், வானத்தில் இருக்கும் நேரத்தைவிட ராயகிரியிலிருந்து மதுரை போகும் நேரம் அதிகம்!

முதியவர்களோடு போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. "எனக்கு என்ன காலு இல்லையா?" என்று ஆச்சி மாதிரி யாராவது கோபித்துக்கொண்டாலும் பதிவு செய்துவிடுங்கள். குடிவரவு வரிசையில் அருமை தெரியும்.

விசா, பணம், மொபைல்

இலங்கைக்கு இந்தியர்கள் இணையம் வழியாக முன் அனுமதி பெற வேண்டும். இதை 'இ.டி.ஏ' என்கிறார்கள். 30 நாள் தங்கலாம். 2023 இறுதியிலிருந்து இந்தியா உள்ளிட்ட சில நாட்டவருக்குக் கட்டணமில்லாமல் தருகிறார்கள். ஆனால் இந்த விதி அடிக்கடி மாற்றம் காண்கிறது, நீட்டிக்கப்படுகிறது. அதனால் டிக்கெட் போடும் அன்றும், கிளம்பும் வாரமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நின்று, தேவையில்லாமல் பணம் பிடுங்கும். முகவரி 'கவ் டாட் எல்கே' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் கிடைக்கிறது. ஹோட்டல் பில்லில் 2,800 என்று பார்த்து மயங்கி விழ வேண்டாம். மூன்றரையால் வகுத்தால் 800 ரூபாய். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ அங்கேயும் இருக்கிறது. ஆனால் அதை ஏற்கும் கியூ.ஆர் அட்டை உள்ள கடைகளில்தான் செல்லும். தோட்டப்பக்கம், சின்னக் கடை, ஆட்டோ இவற்றுக்கெல்லாம் ரொக்கம் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் கார்டு கிடைக்கும்.

பழைய நகரங்கள், சிகிரியா மாதிரி இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எங்கள் மூவருக்கும் நான் போட்டிருக்கும் பட்ஜெட் இது. நான் விசாரித்த நாட்களில் இருந்த விலை, உங்களுக்குக் கூடலாம், குறையலாம். விமானம் போய்வர 54,000 ரூபாய். டிரைவரோடு கார் ஆறு நாளுக்கு 30,000. மூவர் தங்கும் அறை ஐந்து இரவுக்கு 22,500. சாப்பாடு, நுழைவுச் சீட்டு, இதர செலவு 20,000. மொத்தம் 1,26,500 ரூபாய். பஸ்ஸிலும் ரயிலிலும் போகத் தயார் என்றால் கார் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

ஆறு நாள் திட்டம்

இலங்கை பரப்பளவில் தமிழ்நாட்டின் சரிபாதிதான். அதைப் பார்த்து 'ஒரு நாளில் நாலு ஊர்' என்று திட்டம் போட்டால் ஏமாந்துவிடுவோம். மலைப்பாதையில் 75 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகலாம்.

முதல் நாள், கட்டுநாயக்கவில் இறங்கி, பக்கத்திலேயே உள்ள நீர்கொழும்பில் தங்கல். கடற்கரை ஊர். மிரிஸ்ஸ போகாத என் சோகத்துக்கு அந்த ஒரு மாலைக் கடல் ஆறுதல்.

இரண்டாம் நாள் கண்டி. வழியில் பேராதனைத் தாவரவியல் பூங்கா. மாலையில் தலதா மாளிகை. தோளும் முழங்காலும் மறையும்படி உடை வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. ஒரு முக்கியமான விஷயம்: எந்தப் புத்தர் சிலைக்கும் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய அவமரியாதை. பௌர்ணமி தினமான போயா அன்று பொது விடுமுறை, மது விற்பனையும் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், றம்பொடை வழியாக நுவரெலியா. றம்பொடையில் அனுமன் கோயில், அருவி இரண்டும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். ராயகிரி வெயிலிலிருந்து நேராக அங்கே போனால் ராத்திரி பல் கிட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர், காதுக்குத் துண்டு கட்டாயம். ஊருக்கு வெளியே சீதா எலியவில் சீதையம்மன் கோயில். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்த கோயில். அதைத் தாண்டி ஹக்கல பூங்கா.

நான்காம் நாள், தலவாக்கலை. நுவரெலியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அந்த நாளுக்கு வேறு எந்தத் திட்டமும் வைக்கவில்லை. தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் செயின்ட் கிளயர்ஸ், டெவன் என்று இரண்டு அருவிகள் சாலையிலிருந்தே தெரியும். குற்றாலத்துக்காரர்கள் என்று அருவியைக் கண்டதும் துண்டோடு இறங்கிவிடக் கூடாது. நின்று பார்ப்பதற்கான அருவிகள் இவை.

ஐந்தாம் நாள், மலையிறங்கி கொழும்பு. புறக்கோட்டையில் கொஞ்சம் ஷாப்பிங், செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில், ராத்திரி கொத்து ரொட்டி. ஆறாம் நாள் மதுரை.

சிகிரியாவை விட்டுவிட்டேன். 1,200 படிகள். முழங்கால் நல்லபடியாக உள்ளவர்கள் கண்டிக்கு முன்னால் ஒரு நாள் கூட்டி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்குக் கவலை. ஆச்சிக்கு இல்லை. இடியாப்பம், பால் அப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி எல்லாம் அங்கே அன்றாடம். திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுவீட்டுக்குத்தான் சொதி, அங்கே காலைச் சாப்பாட்டுக்கே சொதி. பால் ஊற்றாத தேநீருக்கு 'பிளேன்டீ' என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆச்சி மட்டும் இன்றும் அதைத்தான் குடிக்கிறார். ஏன் என்று இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை.

ரயில் உண்டா, இல்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை மலையேறும் அந்த ரயில்தான் இன்ஸ்டாகிராமில் பார்ப்பது. முன்பதிவு இருக்கைகள் ஒரு மாதம் முன்பு திறந்ததும் பறந்துவிடும்.

ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை மறந்துவிட்டுத் திட்டம் போட முடியாது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் மண்சரிவு மிக மோசம். மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. பகுதி பகுதியாகத்தான் சீரமைக்கிறார்கள். அதனால் ரயிலை நம்பி அறை போடாமல், காரை வைத்துத் திட்டம் போட்டு, எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறதோ அங்கே மட்டும் ஒரு மணி நேரம் ஏறிப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். மலைச்சாலைகளில் ராத்திரிப் பயணம் வேண்டாம். மழை எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் அங்கேயே தங்கிவிடும் அளவுக்குத் திட்டத்தில் இடம் விடுங்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றுலா போகலாமா என்று எனக்கே உறுத்தியது. 2022 பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற நாடு, சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் எழுந்தது. 2024-ல் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் போயிருக்கிறார்கள். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள், நாம்தான் முதலிடம். நாம் கொடுக்கும் வாடகையும் சாப்பாட்டுக் காசும் அங்கே யாரோ ஒரு குடும்பத்துக்குப் போகிறது. போகலாம். இடிந்த வீட்டின் முன்னால் நின்று ரீல்ஸ் எடுக்காமல் இருந்தால் போதும்.

மேப்பில் இல்லாத தோட்டம்

இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது நான்காம் நாள்தான். ஆச்சிக்குத் தெரிந்தது தோட்டத்தின் தமிழ்ப் பெயர். மேப்பில் போட்டால் வரவில்லை. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, ஜனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் கைகொடுத்தது மண்டபம் குடும்ப அட்டைதான். பழைய முகவரி என்ற இடத்தில், மங்கிப்போன மையில், அந்த ஆங்கிலப் பெயர் இருந்தது. மேப்பில் போட்டேன், வந்தது. சாட்டிலைட் படத்தில் பச்சை மலை, நடுவில் வரிசையாகத் தகரக் கூரைகள். ஆச்சியிடம் மொபைலைக் கொடுத்தேன். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூடம். இது ஆத்துப் பாலம். இந்தப் பக்கம் எங்க லயம்." கொஞ்சம் நிறுத்தி, "மண்ணு சரிஞ்சதுன்னு டிவில காட்டுனாம்லா... இது இருக்குமாட்டி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படம் எப்போது எடுத்தது என்றும் தெரியவில்லை. நாங்கள் பேசிவைத்திருக்கும் டிரைவர் தலவாக்கலை வரை சாலை திறந்திருக்கிறது என்கிறார், தோட்டத்துக்குள் போகும் பாதையைக் கிட்ட வந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார். தோட்ட அலுவலக முகவரிக்கு ஆச்சியின் அக்கா பெயரைப் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் இல்லை. அக்கா உயிரோடு இருந்தால் வயது எண்பதுக்கு மேல்.

"பதில் வரலைன்னா என்ன ஆச்சி செய்ய? அங்க போயி யாரைக் கேட்க?" என்றேன்.

"மாரியம்மன் கோயிலு இருக்கும்லா. அங்க போயி உக்காந்து, இன்னார் மக வந்திருக்கேன்னு சொன்னா, யாராவது வருவாவ."

அம்மா பயந்துகொண்டேதான் இருக்கிறார். அங்கே போய் யாரும் இல்லையென்றால் ஆச்சி தாங்குவாரா என்பது அம்மாவின் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, பயணக் காப்பீடு, மூட்டுக்குத் தைலம் என்று என்னால் முடிந்ததை மட்டும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆச்சியும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அக்காவுக்கு ஒரு சேலை. கோயிலுக்கு ஒரு பட்டுத் துண்டு. இரண்டு படி எலுமிச்சம்பழம். பழம், விதை, செடியெல்லாம் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொன்னதும் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், முற்றத்தில் எலுமிச்சம்பழத்தை நாலாக நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் வைத்திருக்கிறார்.

"ஊறுகா கொண்டு போலாம்லா?"

போகலாம் ஆச்சி. பாட்டிலை நன்றாக மூடி, பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் போட்டாயிற்று. மூன்று பேருக்கும்.